ஊராகாத தோட்டம்

தீபாவளிக்கு முந்திய வாரம். வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு துணிக்கடை. சேலைகளை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பையனிடம் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"ஹட்டன் பக்கம் அம்மா."

"ஹட்டனில எங்க?"

"டவுண்லருந்து இன்னொரு பஸ் எடுக்கணும். தோட்டம்."

"தோட்டம் சரி, ஊரின்ர பேர் என்ன?"

பையன் சிரித்தான். "தோட்டந்தாம்மா ஊரு." அம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த சேலையைக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற எனக்கு இருவர் பேரிலும் குறை சொல்லத் தோன்றவில்லை. அம்மாவின் கணக்கில் ஊர் என்றால் அதற்குள் குறிச்சிகள் இருக்கும், கோயில் இருக்கும், கேணி இருக்கும், கிராமச் சங்கம் இருந்த காலத்து வாசிகசாலை இருக்கும், முப்பாட்டன் பேரில் உறுதி இருக்கும். பையன் பிறந்த இடத்திலும் கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஐந்தாறு தலைமுறையின் மண்ணறைகள் இருக்கின்றன. ஆனாலும் அரசாங்கத்தின் ஏட்டில் அது ஊர் அல்ல, தோட்டம். இரண்டு சொற்களுக்கும் நடுவில் என்ன வித்தியாசம், அது எங்கிருந்து வந்தது என்பதைக் கொழும்பில் இருக்கும் நாம் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் "லயத்தில் இருப்பவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் சரிதானே" என்று பேசி முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கதை வீட்டோடு முடிவதில்லை.

முதலில் நம் காலடியைப் பார்ப்போம். வெள்ளவத்தை என்ற பெயரே ஒரு தோட்டம்தான். சிங்களத்தில் வெல்ல என்பது மணற்கரை, வத்த என்பது தோட்டம். கொட்டாஞ்சேனையின் பின்பாதி, காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் சேனை. சிங்களத்தில் ஹேன. முன்பாதிக்குக் கொட்டான் மரத்தைச் சொல்வாரும் உண்டு, வேறு கதை சொல்வாரும் உண்டு. ஆக, இன்று தமிழர் நெருங்கி வாழும் இந்த இரண்டு இடங்களில் ஒன்று தோட்டமாகவும் மற்றது சேனையாகவும் இருந்தவை. கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. நகரம் விரிய விரிய, தோட்டமும் சேனையும் அதன் வட்டாரங்களாயின. தெருவுக்குப் பெயர், வீட்டுக்கு இலக்கம், இலக்கத்துக்கு வரி, வரி கட்டியவருக்குக் குப்பை வண்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொட்டாஞ்சேனைப் பக்கம் இன்றும் பல குடும்பங்கள் ஒரே வளவில் நெருக்கிக்கொண்டு வாழும் இடத்தைத் தோட்டம் என்றே சொல்கிறோம். அந்தத் தோட்டத்தில் இருப்பவரும் மாநகர சபையின் வாக்காளர். குழாய் உடைந்தால் திட்டுவதற்கு அவருக்கு ஓர் உறுப்பினர் உண்டு.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்கு இந்த வரிசை நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்றால், அது தொடங்கிய விதம் அப்படி.

இலங்கையின் சனத்தொகைக் கணக்கெடுப்பு நாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: நகரம், கிராமம், தோட்டம். உலகத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு முதல் இரண்டு போதும். நமக்கு மூன்றாவது ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள, 10 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் தங்கியிருக்கும் பெருந்தோட்டம்தான் கணக்கெடுப்பின் மொழியில் தோட்டம். இந்த வரைவிலக்கணத்தை இரண்டு தரம் வாசித்துப் பாருங்கள். அது ஏக்கரை எண்ணுகிறது, வேலையாளை எண்ணுகிறது. வேலையை விட்டு ஓய்ந்த கிழவியும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும், கொழும்பில் சேலை மடிக்கும் மகனும் அந்த இடத்தை வரையறுப்பதில் பங்கில்லாதவர்கள். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோட்டத்துறையில் வாழ்ந்தவர்கள் நாட்டின் சனத்தொகையில் 4.4 வீதம். எல்லோரும் தோட்டத் தொழிலாளர் என்று நினைக்க வேண்டாம். இன்று தோட்டத்தில் குடியிருப்பவர்களில் தோட்டத்தில் பேர் போடுபவர்களைவிடப் போடாதவர்களே அதிகம். (பேர் என்பது ஒரு நாள் வேலை. "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்டால் எத்தனை ஆட்கள் என்று அர்த்தமில்லை, எத்தனை நாள் வேலை விழுந்தது என்று அர்த்தம். மனிதனும் நாளும் ஒரே சொல்லுக்குள் போய்விட்ட இடம் அது.)

தொடக்கம் கோப்பியில். கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பித் தோட்டம் போட்டார். அந்தக் காலத்திலிருந்து கணக்கிட்டுத்தான் 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்த வருடம் மக்கள் நடந்தார்களே, அது அவர்களுடைய முன்னோர் வந்த வழி. மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து, ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் புறப்பட்டு, கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பிறகு மலை ஏறினார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம்.

மலை யாருடையதாக இருந்தது? இதைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனையையும் முடிக்குரியதாக எடுத்துக்கொண்டது. கண்டிச் சீமை விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய மேட்டுநிலம் தோட்டக்காரர் கைக்குப் போனது. கீழே பள்ளத்தாக்கில் வயலோடு சிங்களக் கிராமம், மேலே கோப்பியோடு தோட்டம். இரண்டுக்கும் நடுவில் வேலி. அந்த வேலியின் இரண்டு பக்கமும் இருந்த ஏழைகளில் யாரும் அதைக் கேட்டுப் போட்டதில்லை.

கோப்பிக் காலத்தில் தோட்டம் ஊராக வேண்டிய தேவையும் எழவில்லை. கோப்பிக்குக் கை தேவைப்படுவது பழம் பறிக்கும் மாதங்களில். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பறித்து முடித்து, கங்காணியிடம் மிச்சம் ஏதும் இருந்தால் வாங்கிக்கொண்டு, சீமைக்குத் திரும்பினார்கள். தங்குவதற்குப் போட்டது கொட்டில். அடுத்த பருவத்துக்கு வருபவன் வேறு ஆளாக இருக்கலாம்.

1869இல் கோப்பி இலையில் ஆரஞ்சு நிறத் துரு கண்டது. அடுத்த பதினைந்து இருபது வருடங்களில் அந்தப் பூஞ்சணம் கோப்பியை முடித்துவிட்டது. அந்தத் துரு வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே, கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பதினாறு பதினேழு வயதில் 1852இல் வந்தவர், 1892இல் அந்தத் தோட்டத்திலேயே செத்தார். கண்டி மஹியாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது. தோட்டத்துக்குப் போனால் அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லிருக்கையைக் காட்டுவார்கள். அவருடைய பாரமான உடலை ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கண்டிவரை தூக்கிச் சென்றது தோட்டத்து ஆட்கள் என்றும், சாமி துரை என்று அவரை அழைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்த 19 ஏக்கரைக் கொத்திக் கான் வெட்டி நட்டவர்களில் ஒருவருடைய பெயரையும் நமக்கு யாரும் சொன்னதில்லை. ஓர் இடத்தின் தோற்றக் கதையில் நட்டவர் பெயரில்லாமல் நடச்சொன்னவர் பெயர் மட்டும் மிஞ்சினால், அது ஊரின் கதையாக இருக்காது, தொழிலின் கதையாகத்தான் இருக்கும். தேயிலையின் வரலாறு நமக்குக் கிடைத்திருப்பது அப்படித்தான்.

ஆனால் தேயிலைதான் தோட்டத்தை ஊர் மாதிரி ஆக்கியது. அதற்குக் காரணம் செடியின் குணம். கோப்பி வருடத்துக்கு ஒரு பருவம் பழுக்கும், தேயிலையோ வருடம் முழுதும் கொழுந்து விடும். ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை அதே மலைக்குத் திரும்பிப் போய் எடுக்காவிட்டால் இலை முற்றிவிடும். பருவத்துக்கு வந்து போகும் ஆட்களை வைத்துக்கொண்டு தேயிலை செய்ய முடியாது. நிரந்தரமாக இருக்கிற கை வேண்டும், அதிலும் கொழுந்து எடுக்கப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். குடும்பம் வந்தால் அடுப்பு வரும், பிள்ளை வரும், பிள்ளைக்குக் காது குத்த மாமன் வருவான். கொட்டில் போய் லயம் வந்தது. வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியபடி, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், முன்னால் ஓர் இஸ்தோப்பு. வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் லயமாகி, சங்கீதச் சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் முதல் முறை அதைக் கேட்கும்போது ஏதோ அழகான பொருள் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

லயம் இருந்த இடத்தைச் சுற்றி மற்றதெல்லாம் முளைத்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம், குளிக்கவும் தண்ணி பிடிக்கவும் பீலி. மேட்டில் துரை பங்களா, அதற்குக் கொஞ்சம் கீழே கணக்கப்பிள்ளை, டீமேக்கர் வீடுகள், கடைசியில் லயம். யார் எங்கே இருப்பது என்பதை மலையின் சரிவே சொல்லிவிடும். இவையெல்லாம் கம்பனி போட்டவை. மாரியம்மன் கோவிலும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், தப்பும், சீமையில் விட்டுவந்த குலதெய்வத்தின் பேரில் நட்ட கல்லும் மக்கள் போட்டவை. என்னைக் கேட்டால், ஊர் பிறந்தது இந்த இரண்டாவது வரிசையில்தான் என்பேன்.

பெயர் வைப்பதிலும் இதே இரண்டு வரிசை உண்டு. துரைமார் தங்கள் நாட்டை நினைத்துப் பெயர் வைத்தார்கள்: ஹோலிரூட், நோர்வூட், டன்சினன். டன்சினன் என்பது மக்பெத் நாடகத்தில் வரும் மலை. பூண்டுலோயாவில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்த நாடகம் தேவைப்படவில்லை. ஆட்கள் தங்களுக்குள் வேறு பெயர் சொன்னார்கள். ஃபெர்குசன் வெளியிட்டுவந்த தோட்டத் தகவல் திரட்டில் ஆங்கிலப் பெயரோடு தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும் அச்சிட்டிருப்பார்கள். தமிழ்ப் பெயர் தெரியாமல் அந்தத் தோட்டத்துக்கு வழி கேட்க முடியாது என்பது வியாபாரிக்கும் தெரிந்திருந்தது. (அதே ஃபெர்குசன் குடும்பத்துக்காரர் ஒருவர் புதிதாக வரும் சின்னத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுதிய கையேட்டின் தலைப்பு "இங்கே வா". தோட்டத்தில் தமிழ் எந்தச் சொல்லில் தொடங்கியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.) தோட்டத்துக்குள் பிரிவுகளுக்கு மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பெயர். கணக்கப்பிள்ளையின் கணக்கு எதுவோ அதுதான் குறிச்சி. ஆக, ஏடு எழுதும் வசதிக்காகப் பிரித்த பிரிவு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்ப் பிரிவாகவும் ஆயிற்று.

இப்படி எல்லா வகையிலும் ஊரான ஓர் இடம் சட்டத்தில் ஏன் ஊராகவில்லை? இங்கேதான் நிதானம் தேவை. ஒரே நாளில், ஒரே சட்டத்தில் செய்த காரியம் அல்ல இது.

1871இல் ஆங்கில அரசு கிராமச் சபைகளைச் சட்டமாக்கி உயிர்ப்பித்தது. பழைய சிங்களக் கிராம மன்றமான கம்சபாவை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. அதன் வேலை வயலுக்குத் தண்ணீர், வாய்க்கால் திருத்தம், சின்னச் சின்ன வழக்கு. தோட்டத்துக்கு அந்த வேலை எதுவும் இல்லை. தண்ணீரையும் பாதையையும் மருந்தையும் துரை பார்த்துக்கொள்வார், வழக்கென்றாலும் முதலில் துரைதான். அரசுக்கும் அது வசதியாக இருந்தது. துரையிடம் ஒப்படைத்துவிட்டால் அந்த மலைக்கு உத்தியோகத்தரை அனுப்பத் தேவையில்லை. ஆளை நகரவிடாமல் வைத்திருக்கத் துண்டு முறையும் இருந்தது. கங்காணியின் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகத் துண்டு கிடைக்கும், கடன் தீரவே தீராது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1930களில், நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்த பிறகும், கிராமச் சபைத் தேர்தலில் லயத்துத் தொழிலாளருக்கு வாக்கு வேண்டாம் என்று சட்டசபையில் வாதாடி அதை நிறைவேற்றிக்கொண்டார்கள். கிராமத்துக்குத் தோட்டம் வெளியே என்பது அதுவரை வழக்கமாக இருந்தது, அதன் பிறகு எழுத்தாகவும் ஆனது.

பிறகு 1948. மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய, அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எல்லோரும் அறிவோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர், 1952இல் ஒருவரும் இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்திட்டார்கள். மிச்சம் 1974இல் பாதி பாதியாயிற்று. இந்த எண்களைச் சொல்லும்போது நாம் குடியுரிமையை மட்டும் பார்க்கிறோம். ஊரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். ஒரே லயத்தில் இரண்டாம் காம்பரா போகிறது, மூன்றாம் காம்பரா நிற்கிறது, நான்காம் காம்பராவில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. முளைத்துக்கொண்டிருந்த ஊர் ஒவ்வொன்றும் முப்பது வருடம் "யார் இருப்பார், யார் போவார்" என்ற பட்டியலோடு வாழ்ந்தது. போகப்போகிறவன் வேலி கட்டமாட்டான், மரம் நடமாட்டான். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்து கணக்கை முடித்த சட்டம் 2003இல் வந்தது.

இடையில் 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் நடந்தது. தோட்டங்கள் அரசுடைமையாயின. உச்சவரம்புக்கு மேற்பட்ட காணியை நிலமற்ற கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுத்த இடங்களில், அதே காணியில் நாலு தலைமுறையாக இருந்தவர் கிராமத்தவர் கணக்கில் வரவில்லை. அவருக்கு ஊர் இல்லையே. சிலரை லயத்தை விட்டே விரட்டினார்கள். வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்களில் பலர் அப்படிப் போனவர்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டது தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில்.

1987இல் பிரதேச சபைகள் வந்தன. அந்த ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், 33ஆம் பிரிவு. மலையகத்தில் உள்ளூர் அரசியல் பேசும் எவரும் இந்த எண்ணைச் சொல்வார்கள். அந்தப் பிரிவு இருந்தவரை, சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் போட முடியாது என்பதே நடைமுறை. இந்த முறை தோட்டத்து மக்களுக்கு வாக்கு இருந்தது. அவர்கள் வாக்களித்துத் தெரிவான உறுப்பினர், தவிசாளர்கூட இருந்தார்கள். ஆனால் அந்த உறுப்பினர் தன்னுடைய லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு லோட் கல் கொட்டினால் கணக்காய்வில் மாட்டிக்கொள்வார். தெரிவு செய்ய முடிந்தது, செலவு செய்ய முடியவில்லை. இதைக் கொழும்பில் இருந்து நினைத்துப் பாருங்கள். வெள்ளவத்தைக்காரர் வாக்களித்த மாநகர சபை, "உங்கள் ஒழுங்கை தனியார் காணி, அங்கே வரமாட்டோம்" என்று முப்பது வருடம் சொன்னால் எப்படி இருக்கும்?

2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருடம் பெப்ரவரியில் நடந்த தேர்தலுக்கு முன்னால், அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்திருந்தார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை புதிய சபைகள். இது தேவைப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தின் 7 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு நீண்ட காலமாக ஐந்தே பிரதேச செயலகப் பிரிவுகள். அவற்றில் இரண்டில் ஒவ்வொன்றிலும் 2 லட்சத்துக்கு மேல். புதிய கிராமங்களுக்கென்று ஓர் அதிகார சபையையும் 2018லேயே சட்டமாக்கினார்கள். அந்த அதிகார சபையின் பெயரிலேயே கிராமம் என்ற சொல் இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் திருத்தம் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதில் குழப்பம் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து, சபை தோட்டக் குடியிருப்புக்கு வேலை செய்யலாம் என்றது. செய்யலாம் என்றது, செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. கலந்து என்ற சொல்லும் இன்னும் அங்கே இருக்கிறது. தோட்டம் வேலைத்தளம்தான், அதற்குள் குடியிருப்பு இருக்கிறது, வேலைத்தளத்தின் அனுமதியோடு உள்ளே வரலாம் என்ற பழைய படம் மாறவில்லை. கதவைத் திறந்தார்கள், கதவு யாருடையது என்ற கேள்வியைத் தொடவில்லை.

அந்தக் கேள்விக்கு வந்தால்தான் வீடு, காணி, ஊர் மூன்றும் தனித்தனி என்பது விளங்கும். காணியின் சொந்தக்காரர் அரசு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்கு மாற்றியபோது காணியை விற்கவில்லை, நீண்டகாலக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். லயத்தில் இருப்பவர் சொந்தக்காரரும் இல்லை, குத்தகைக்காரரும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. வேலைக்காகத் தங்க விடப்பட்டவர். வீட்டில் ஒருவரும் தோட்டத்தில் பேர் போடாவிட்டால் காம்பராவில் இருக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். ஆகவே புதிதாக ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச் ஒதுக்க வேண்டுமானால் முதலில் கம்பனி அந்தத் துண்டை விட்டுக்கொடுக்க வேண்டும், அரசு நிறுவனம் கையெழுத்திட வேண்டும், நில அளவையாளர் வர வேண்டும், அதன் பிறகு உறுதி எழுத வேண்டும். வெள்ளவத்தையில் பேர்ச் விலை பேசாத வீடு இல்லை என்பதால் அளவைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஏழு பேர்ச் என்பது 1,900 சதுர அடி சொச்சம். இருநூறு வருடத்துக்கு.

இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் கட்டினார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய மோடி இன்னும் 10,000 என்றார். 2018 ஓகஸ்டில் டன்சினனில் மட்டும் 404 வீடுகளைக் கையளித்தார்கள். போய்ப் பார்த்தால் மனம் நிறையும். சிவப்பும் நீலமுமாகக் கூரைகள், ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் கையகல மண், அந்தக் கையகல மண்ணில் கறிவேப்பிலையும் ரோஜாவும். முதன்முதலாகச் சமையலறைப் புகை பக்கத்து வீட்டுக்குப் போகாமல் மேலே போகிறது. நான் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு கையில், உறுதி பிறகு என்ற நிலையில் பலர் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். உறுதி கிடைத்தவருக்கும் வீட்டுப் படலைக்கு வெளியே கால் வைத்தால் அது தோட்டம். பாதை தோட்டத்தின் பாதை, கான் தோட்டத்தின் கான், மயானம் தோட்டத்தின் மயானம். பொதுவிடம் என்று ஒன்று இல்லாத இடத்தில் நூறு வீடு கட்டினால் நூறு வீடு கிடைக்கும். ஊருக்கு யாருடையதுமல்லாத, எல்லோருடையதுமான கொஞ்சம் நிலம் வேண்டும்.

இது நமக்கு மட்டும் வந்த வில்லங்கம் என்று எண்ண வேண்டாம். சிகாகோவுக்குத் தெற்கே ரயில் பெட்டி செய்த ஜோர்ஜ் புல்மன் 1880இல் தொடங்கித் தன் தொழிலாளருக்கு ஓர் ஊரையே கட்டினார். நம் லயத்தோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம்: செங்கல் வீடு, பூங்கா, நூலகம். எல்லாம் கம்பனிக்குச் சொந்தம், வாடகை சம்பளத்தில் பிடிக்கப்படும். தொழில் மந்தமானபோது சம்பளத்தைக் குறைத்தார், வாடகையைக் குறைக்கவில்லை. 1894 வேலைநிறுத்தம் அமெரிக்காவின் ரயில்களையே நிறுத்தியது. 1898இல் இலினோய் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: ரயில் பெட்டி செய்யத்தான் கம்பனிக்குச் சாசனம், ஊர் வைத்திருக்க இல்லை, ஆகவே தொழிலுக்குத் தேவைப்படாத சொத்தை விற்றுவிடு. அடுத்த சில வருடங்களில் வீடுகள் குடியிருந்தவர்கள் கைக்கும் பிறர் கைக்கும் போயின. இன்று அது சிகாகோவின் ஒரு வட்டாரம், நமக்கு வெள்ளவத்தை போல.

வெள்ளவத்தை என்றதும் இன்னொன்று. இங்கேயும் லயம் இருந்தது. 1880களின் கடைசியில் தொடங்கிய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் இருந்தார்கள், கம்பனியின் குடியிருப்பில் தங்கினார்கள், 1933இல் பெரிய வேலைநிறுத்தமும் செய்தார்கள். ஆலை போயிற்று. அந்தக் காணியில் இன்று ஹவ்லொக் சிற்றியின் மாடிகள் நிற்கின்றன. அங்கே குடியிருந்தவர்கள் வெள்ளவத்தைக்காரரானார்களா, எங்கே போனார்கள் என்று இந்தப் பகுதியில் இன்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தொழிலோடு வந்த குடியிருப்புக்கு ஊரென்ற பட்டயம் கிடைக்காவிட்டால் தொழிலோடு சேர்ந்து அது மறைந்துபோவதற்கு மலைக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மறைவதற்கு வேறு வழியும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு எழுந்து போக ஒருவனுக்கு வேறிடம் வேண்டும். காணியில்லாதவன் எங்கே போவான்? 2020 ஓகஸ்டில் கேரளத்து மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் நடந்ததும் இதுவே. அதுவும் தேயிலை, அதுவும் லயம், செத்தவர்களும் தமிழர்கள்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது என்ன என்றால், வீட்டு எண்ணிக்கையோடு சேர்த்து இன்னும் ஒரு வேலை: குடியிருப்பின் எல்லையைத் தேயிலையின் எல்லையிலிருந்து பிரித்து அளந்து, அதைக் கிராமமென்று வர்த்தமானியில் போடுவது. பாதை, கான், மயானம், கோவில் வளவு, விளையாட்டுத்திடல் பிரதேச சபைக்கு. வீட்டுக் காணி குடியிருப்பவருக்கு. தேயிலை மலை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கட்டும், அது வேறு வழக்கு. கம்பனிக்கும் இதில் பெரிய நட்டமில்லை. லயத்தின் கூரையையும் கக்கூசையும் திருத்தும் செலவு தங்கள் தலையில் கிடக்கிறது என்று வருடாவருடம் முறைப்பாடு செய்பவர்கள் அவர்கள்தானே. பெயரை மட்டும் அந்தந்த இடத்து ஆட்களிடம் கேட்டுப் போட வேண்டும். மந்திரிமார் பெயரும் வேண்டாம், துரைமார் பெயரும் வேண்டாம். பீலிக்கும் மலைக்கும் அவர்கள் சொல்லிவரும் பெயர்கள் நிறைய இருக்கின்றன.

துணிக்கடைப் பையனை அன்று கடை சாத்தும் நேரத்தில் மறுபடி கண்டேன். வீட்டுக்கு வாங்கியதையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு ஒரு சேலை, தங்கச்சிக்குச் சுரிதார், தாத்தாவுக்குச் சால்வை. மேலே விலாசம் எழுதியிருந்தான்: பெயர், லயத்து இலக்கம், மேற்பிரிவு, தோட்டம், அஞ்சல் நகரம். ஐந்து வரி. கடையின் விலாசத்துக்கு இரண்டு வரி போதுமாயிருந்தது.

"தபாலிலா போடுறீங்க தம்பி?"

"இல்ல சார். இது பஸ்ல தொலைஞ்சா யாராச்சும் பாத்துக் குடுக்கட்டும்னுதான் எழுதுனேன். தபால்ல போட்டா தோட்டத்து ஆபிசுக்குப் போயிரும். அங்கருந்து வீட்டுக்கு வர தீபாவளி முடிஞ்சிரும்."

புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் பத்தரைக்கு என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.